மஞ்சள் பாட்டில்

ஏப்ரல் 19, ஞாயிறு

இந்த டைரி டயர் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. யார் வகுப்புக்கு வந்தார்கள், யார் வரவில்லை, கிளட்சை மிதிக்கச் சொன்னால் யார் என் பொறுமையை மிதித்தார்கள் என்பதுதான் இதுவரை இதில் இருக்கிறது. குரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனுக்கு வேறென்ன எழுத இருக்கும். இன்று வீட்டுச் சங்கதி எழுதுகிறேன். வெளியே சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஜோதி வாந்தி எடுக்கிறாள். மாசமாக இருக்கிறவள் வேறென்ன செய்வாள் என்று கேட்கிறார்கள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறாள், சந்தோஷமாக இருய்யா என்கிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். முதல் ஸ்கேனில் அரிசி மாதிரி ஒன்று துடித்ததைப் பார்த்துவிட்டு, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு முழுக்க லட்டு கொடுத்தவன் நான். ஆனால் இவளுடையது மசக்கை வாந்தி மாதிரி இல்லை. குடித்த தண்ணீர் குடித்த சூட்டிலேயே திரும்பி வருகிறது. எங்கள் வீட்டில் தாளிப்பதை நிறுத்தியாகிவிட்டது, பக்கத்து வீட்டில் தாளித்தாலும் எடுக்கிறாள். எலுமிச்சை, நெல்லிக்காய், மாதுளை எல்லாம் பார்த்தாயிற்று. நாகஜோதி என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முறைப்பாள். இன்று கூப்பிட்டேன். முறைக்கத் தெம்பில்லாமல் சும்மா பார்த்தாள்.

ஏப்ரல் 20, திங்கள்

பஜார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே முன்பதிவு, கின்பதிவு எதுவும் கிடையாது. போனால் உட்காரலாம், முறை வந்தால் பார்ப்பார்கள். பகலில் மெர்லின் என்று ஒரு சின்ன வயசு டாக்டர் இருக்கிறாள். ஜோதியின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளிய இடம் அப்படியே மடிப்பாக நின்றது. நாக்கை நீட்டச் சொன்னாள்.

“உடம்புல தண்ணியே இல்ல சார். டிரிப்ஸ் போடணும்.”

“என்ன ஏத்தப் போறீங்க?”

“சலைன். உப்புத் தண்ணி.”

“சாப்பிட்டு எத்தனை நாளாச்சு தெரியுமாம்மா? பசியில கெடக்கிற புள்ளைக்கு உப்புத் தண்ணியா? குளுக்கோஸ் போடுங்க.”

“இப்ப அவங்களுக்குக் கொறைஞ்சிருக்கிறது தண்ணியும் உப்பும்தான் சார். குளுக்கோஸ் இப்ப வேணாம்.”

“தெம்பு வேணுமா வேணாமா?”

அவள் பதில் சொல்வதற்குள் பெரிய டாக்டருக்குப் போன் போட்டேன். கிளினிக் அவருடையது. என்னிடம் கார் படித்தவர். ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று என் காம்பவுண்டுச் சுவரை இடித்ததை இன்றுவரை நான் வெளியே சொன்னதில்லை, அந்த நன்றி அவருக்கு உண்டு. போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். “சரிங்க சார்” என்று இரண்டு முறை சொன்னாள். குளுக்கோஸ் வந்தது.

அதில் ஒரு ஊசி மருந்தைக் கலந்தாள். பாட்டில் முழுக்க மஞ்சளாகிவிட்டது. என்ன என்று கேட்டதற்கு வைட்டமின் என்றாள், வாந்தி எடுக்கிறவர்களுக்குக் கட்டாயம் வேண்டுமாம். சரி, ஒன்று நான் ஜெயித்தேன், ஒன்று அவள் ஜெயிக்கட்டும் என்று விட்டேன்.

வரும்போது ஜோதி தானாக நடந்து வந்து காரில் ஏறினாள். எங்கே போனாலும் வாய் இருந்தால்தான் காரியம் நடக்கும்.

ஏப்ரல் 22, புதன்

மறுபடி பாட்டில், மறுபடி மஞ்சள். பாதி இறங்குவதற்குள் ஜோதி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மருந்து கையில் ஏறினால் வாசனை மூக்கில் ஏறுகிறது என்றாள். பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலுக்கு வந்திருந்த அம்மாள், “மஞ்சப் பாட்டிலு சூடும்மா, மாசமா இருக்கிறவுகளுக்கு ஆகாது” என்றாள். ஜோதி கக்கூஸ் போய்விட்டு வந்து, மஞ்சள் கரைத்த மாதிரி போகிறது என்று என் காதில் அழாத குறையாகச் சொன்னாள். பிள்ளைக்குக் காமாலை வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். எனக்கும் வந்துவிட்டது.

டாக்டரைக் கூப்பிட்டேன். “இனிமே கலர் கலக்காம சுத்தமா ஏத்துங்க.”

“சார், அது கலர் இல்ல, வைட்டமின். வாசனை வரும், ஒண்ணும் செய்யாது. மெதுவா விட்டா தெரியாது.”

“அது கொடலைப் பெரட்டுதுன்னு அவளே சொல்றா. வாந்தியை நிறுத்த வந்தோமா, எடுக்க வைக்க வந்தோமா?”

“ப்ளீஸ் சார், அதை மட்டும் நிறுத்த வேணாம்.”

“பெரிய டாக்டருக்குப் போன் போடவா?”

அவள் மருந்துச் சீட்டை எடுத்தாள். பிறகு, “சரி, மாத்திரையாவது எழுதித் தர்றேன், மறக்காமப் போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். நர்ஸ் வேறு பாட்டில் மாட்டினாள். பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. ஜோதி கண்ணை மூடி நிம்மதியாகப் படுத்தாள். காரில் என் தோளில் சாய்ந்துகொண்டு, “நல்லவேளை நீங்க சொன்னீங்க” என்றாள்.

மாத்திரை வந்த வேகத்தில் வாந்தியோடு போய்விட்டது.

ஏப்ரல் 24, வெள்ளி

இன்றும் ஒரு பாட்டில். வெள்ளை. இரண்டு வாய் ரசம் சோறு தங்கியது.

ஏப்ரல் 29, புதன்

இப்போதெல்லாம் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க உட்காருவதே இல்லை. நேராகக் கட்டிலுக்குப் போய்விடுகிறோம். நர்ஸ் என்னைப் பார்த்ததும் பாட்டிலை எடுத்துவிடுகிறாள். கையில் நரம்பு கிடைப்பதுதான் பாடு, குத்திக் குத்திப் புறங்கை கன்னிப்போய்க் கிடக்கிறது. ஏற்றினால் அன்றைக்கு முகம் தெளிகிறது. மறுநாள் பழையபடி. வண்டிக்குப் பெட்ரோல் போடுகிற மாதிரி ஆகிவிட்டது.

இன்று ஆர்.டி.ஓ. மைதானத்தில் என் ஸ்டூடண்ட் ஒருத்தி எட்டு போட்டுத் தேறினாள். ஜோதி எட்டு போட்ட நாள் நினைவுக்கு வந்தது. அவளும் என்னிடம் படிக்க வந்தவள்தான். மூன்று தடவை காலை ஊன்றிவிட்டு, இன்ஸ்பெக்டரிடம் “சார், எட்டுக்குப் பதிலா ஏழு போடவா” என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். அன்றைக்கே நான் தீர்மானித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இதை நினைவுபடுத்தினேன். சிரித்தாள். சிரித்த கையோடு எடுத்தாள்.

மே 5, செவ்வாய்

அடுத்த ஸ்கேன் பதினெட்டாம் தேதி. தினமும் கேட்கிறாள், “ஸ்கேன் என்னைக்குங்க?” சொல்கிறேன். அந்தத் தேதிக்காகத்தான் அவள் ஒவ்வொரு நாளையும் தள்ளிக்கொண்டிருக்கிறாள். நானும்தான்.

ஜோதியின் அக்கா ராஜாத்தி மதினி பாலையம்பட்டியிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். மதினிக்குக் குரல் பெரிசு, மனசும் பெரிசு. தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இவ எளைச்சுப்போயிட்டாளே” என்றாள். குளுக்கோஸ் ஏற்றுகிறோம் மதினி, தேறிவிடுவாள் என்றேன்.

மே 9, சனி

டி.வி. இரண்டாகத் தெரிகிறது என்கிறாள். ஒன்று வாங்கிக் கொடுத்ததற்கு இரண்டு கிடைத்தால் லாபம்தானே என்றேன். சிரிக்கவில்லை. சாப்பிடாத கிறுகிறுப்பு. ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

மே 11, திங்கள்

சுவரைப் பிடித்துக்கொண்டு காலை அகட்டி அகட்டி நடக்கிறாள். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் வண்டியை ஒரே பக்கம் இழுப்பார்களே, அப்படிப் போகிறாள். நேராக வா என்றால் நேராகத்தானே வருகிறேன் என்கிறாள். எரிச்சலில் கத்திவிட்டேன். பிறகு நானே தூக்கிக்கொண்டு போய்ப் பாத்ரூமில் விட்டேன். பாவாடை நாடா இடுப்பில் நிற்கவில்லை.

கிளினிக்கில் நர்ஸிடம், இன்றைக்கு இரண்டு பாட்டிலாகப் போட்டுவிடம்மா, தெம்பு பத்தவில்லை என்றேன். போட்டாள்.

மே 12, செவ்வாய்

காலையில் என்னை “சித்தப்பா” என்று கூப்பிட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பாலையம்பட்டி வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, ஆட்டுக்குட்டியை யார் கட்டினது என்று கேட்டாள். தூக்கக் கலக்கம். கண்மணிகள் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கின்றன. மூன்று கண்ணாடியையும் ஒரே நேரத்தில் பார்க்கச் சொன்னால் புது ஆட்களுக்கு இப்படித்தான் ஆடும்.

இன்று வகுப்பு எதுவும் எடுக்கவில்லை. பயமாக இருக்கிறது.

மே 13, புதன்

கிளினிக்கில் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது டாக்டர் மெர்லின் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தாள். ஜோதியைப் பார்த்தாள். பேர் கேட்டாள். ஜோதி சொன்னாள். இது என்ன ஊர் என்று கேட்டதற்கு, “சித்தப்பாவுக்குத்தான் தெரியும்” என்று என்னைக் காட்டினாள். டாக்டர் விரலை நீட்டி, இந்தப் பக்கம் பாருங்க, அந்தப் பக்கம் பாருங்க என்றாள். ஜோதியின் கண் விரலோடு போகவில்லை.

டாக்டர் முகம் மாறியது. கையை நீட்டி, ஓடிக்கொண்டிருந்த பாட்டிலை நிறுத்தினாள்.

“எத்தனை நாளா இப்படி இருக்காங்க?”

“சனிக்கிழமையிலேர்ந்து. சோர்வுன்னு…”

“உடனே மதுரைக்குப் போங்க. நான் நூத்தியெட்டுக்குச் சொல்றேன். சார், இத்தனை நாளா வைட்டமின் ஏறவே இல்லைன்னு அங்க மறக்காம சொல்லுங்க. தயவுசெஞ்சு சொல்லுங்க.”

ஆம்புலன்ஸில் ஜோதியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வருஷமாக ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பழக்கம். என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், எவன் எப்படித் திருப்பினாலும் நான் மிதித்தால் நின்றுவிடும். வழியெல்லாம் கால் தன்னால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

மே 14, வியாழன்

மதுரை. பெரியாஸ்பத்திரி வார்டு வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதினி விஷயம் கேள்விப்பட்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள்.

நரைத்த தலை டாக்டர் ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துக் கேட்டார். எத்தனை வாரமாக வாந்தி, என்ன ஏற்றினார்கள். குளுக்கோஸ் என்றேன். வைட்டமின் ஏதாவது சேர்த்தார்களா, பாட்டில் மஞ்சளாக இருந்ததா என்று கேட்டார்.

“முத ரெண்டு தடவை இருந்துச்சு சார். அப்புறம் போடலை.”

“ஏன் நிறுத்தினாங்க?”

மதினி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். “தெரியல சார்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சாவகாசமாகவே சொன்னார். “அந்த மஞ்சள் மருந்துல பி ஒண்ணுன்னு ஒரு சத்து இருக்குப்பா. சர்க்கரையை எரிக்கணும்னா ஒடம்புக்கு அது வேணும். வாரக்கணக்கா வாந்தி எடுத்தவங்க கிட்ட அது மிச்சமே இருக்காது. அந்த நேரத்துல வெறும் சர்க்கரைத் தண்ணியா ஏத்துனா, இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் அது இழுத்துக்கும். மூளை பட்டினியாயிரும். கண்ணு, நடை, ஞாபகம் மூணும் அடிவாங்கும்.”

“சரியாயிருமாய்யா?” என்றாள் மதினி.

“மருந்து ஆரம்பிச்சாச்சு. கண்ணு தெளிஞ்சிரும். நடையும் பைய வந்துரும். ஞாபகம் எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாதும்மா.”

“வயித்துல இருக்கிறது?”

பார்க்கலாம் என்றார்.

ஜோதிக்கு ஏறிக்கொண்டிருக்கிற பாட்டிலைப் போய்ப் பார்த்தேன். மஞ்சள். வாசனை வருகிறதா என்று அவளிடம் கேட்டேன். அவளுக்கு நான் கேட்டது புரியவில்லை.

மே 17, ஞாயிறு

ஸ்கேன் ஒரு நாள் முன்னாலேயே எடுத்துவிட்டார்கள். துடிப்பு இல்லை.

மே 24, ஞாயிறு

கண் ஆடுவது நின்றுவிட்டது. என்னை “என்னங்க” என்று கூப்பிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக வார்டு வாசலில் நின்று அழுதேன்.

பிறகு கேட்டாள், “ஸ்கேன் என்னைக்குங்க?”

பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, பக்குவமாகத்தான் சொன்னேன். சத்தம் வராமல் அழுதாள். தலையணை நனைந்துவிட்டது. மதினி தலையணை உறையை மாற்றினாள். மாற்றி முடிக்கிற நேரம் ஜோதி என்னைப் பார்த்து, “ஸ்கேன் என்னைக்குங்க?” என்றாள். இரண்டாவது தடவையும் சொன்னேன். முதல் தடவை அழுத மாதிரியே அழுதாள். மூன்றாவது தடவை கேட்டபோது, பதினெட்டாம் தேதி என்று சொல்லிவிட்டேன். சந்தோஷமாகத் தூங்கினாள்.

பதினெட்டு போய் ஒரு வாரமாகிறது.

ஜூன் 14, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். சாப்பிடுகிறாள், சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடி சாப்பிடக் கேட்கிறாள். பழசெல்லாம் கல்வெட்டு மாதிரி இருக்கிறது. எட்டு போட்ட கதையை அவளே சொல்லிச் சிரிக்கிறாள். காலையில் நடந்தது மத்தியானம் இல்லை.

ஜூன் 16, செவ்வாய்

மதினி கிளினிக்குக்குப் போய்க் கேட்டே தீருவேன் என்று நின்றாள். விடுங்க மதினி என்றேன். “எதுக்கெடுத்தாலும் மல்லுக்கு நிக்கிற ஆளு, பொண்டாட்டிக்கு இப்படி ஆனதுக்கு விடுன்னு சொல்றீகளே தம்பி” என்றாள். கூடப் போகாமல் இருக்க முடியவில்லை.

உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்கு முன்னால் மதினி மெர்லினைப் பிடித்துக்கொண்டாள்.

“நீயெல்லாம் படிச்சவளா? ஒரு மருந்தை விட்டுட்டு வெறும் தண்ணிய ஏத்தி என் தங்கச்சியக் கெடுத்துட்டியே. ஏழு வருசம் கழிச்சு வந்த புள்ள. ஒனக்கு நெஞ்சுல ஈரமில்லையா?”

“அம்மா, நான் எழுதித்தான்…”

“பேசாத. ஒன் படிப்புல மண்ணு விழ.”

அந்தப் பெண் பேச்சை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் பாட்டில் மாட்டுகிற இரும்புக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லித் தொலைக்கட்டும் என்றும் இருந்தது, சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது. ஜோதி எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்டாள். நடக்கிறாள் என்றேன்.

“நான் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது” என்றாள். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் மதினி, “பாத்தீகளா, அவ வாயாலயே ஒத்துக்கிட்டா” என்றாள். காரைக் கிளப்பினேன். இரண்டு தடவை ஆஃப் ஆகிவிட்டது.

ஜூலை 5, ஞாயிறு

மதினி முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டு டீச்சரும் வந்து உட்கார்ந்தார். ஜோதிக்கு ஆட்களைக் கண்டால் குஷி. எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தேன். டீச்சர், ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டாய் போல என்றார். ஜோதி தலையை ஆட்டினாள்.

“இவரு இல்லைன்னா நான் இல்ல டீச்சர். கிளினிக்குல ஒரு மஞ்சள் மருந்து போட்டாங்க, எனக்குச் சேரவே இல்ல. மூக்குல வாசம் ஏறி கொடலைப் பெரட்டும். இவருதான் சண்டை போட்டு, கலர் கலக்காம ஏத்துங்கன்னு நிறுத்த வச்சாரு. அந்த டாக்டரம்மா ப்ளீஸ் ப்ளீஸ்னு கெஞ்சுச்சு, இவரு விடவே இல்லையே. உப்புத் தண்ணிய மாத்தி குளுக்கோஸ் போட வச்சதும் இவருதான். அதான் பொழச்சேன்.”

மே மாசம் முழுக்க அவளிடமிருந்து போய்விட்டது. பிள்ளை போனதும் போய்விட்டது. இது மட்டும் வார்த்தை பிசகாமல் இருக்கிறது.

டீச்சர், நல்ல புருஷன் அமைந்திருக்கிறார் என்றார். நான் மதினியைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. முறுக்கு கடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

மதினி கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் தேவலை என்றிருந்தது. அவள் எழுந்து, ஜோதியின் கலைந்த முடியைக் கோதி, திரும்பப் பின்னிவிட்டாள். “ஆமா தாயி, தம்பி ஒன்னைய நல்லாத்தான் பாத்துக்கிட்டாரு” என்றாள். டீச்சர் போகும்வரை பின்னிக்கொண்டே இருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்று சாவியை எடுத்தேன். வேண்டாம், நடந்து போய்க்கொள்கிறேன் என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“அந்தப் புள்ளைய நான் என்னென்ன பேசிட்டேன்.”

இறங்கி நடந்தாள். தெருமுனை திரும்பும்வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

உள்ளே வந்தேன். “அக்கா ஏன் மூஞ்சியத் தூக்கிட்டுப் போறா?” என்றாள் ஜோதி. அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தை நிறுத்தியது நான், நிறுத்தினதால்தான் உனக்கு இப்படி, பிள்ளை போனதும் அதனால்தான், மதுரை டாக்டரிடமும் மறைத்தேன், அக்காவிடமும் மறைத்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். அழுதாள். பிறகு என் தலையில் கை வைத்து, “நான் வேணாம்னதுக்குத்தானே நீங்க சொன்னீங்க” என்றாள். அந்தக் கைக்குக் கீழே ஒரு பாரம் இறங்குகிற மாதிரி இருந்தது.

முகம் கழுவிக்கொண்டு வந்தேன். முறுக்கு இருந்த தூக்குவாளியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா வந்தாளா? எப்ப வந்தா? என்னைய எழுப்பக் கூடாதா?” என்றாள். “ஏங்க, ஸ்கேன் என்னைக்கு?”

ஜூலை 6, திங்கள்

காலையில் பால்காரர் வந்தார். உடம்பு தேவலையா தங்கச்சி என்று கேட்டார். ஜோதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, இவர் சண்டை போட்ட கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நான் பால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.